உப்புக்காற்று நடத்திய சிம்பொனி

எத்தாளையில் ஒரு பெண்வீட்டார் என்னை வேண்டாம் என்று விட்டதற்குக் காரணம் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது நாற்பதைத் தாண்டி, தலையில் மிச்சமிருக்கும் முடிக்குப் பெயர் வைக்கலாம் என்ற நிலைக்கு வந்தாயிற்று. இனியாவது உண்மையைச் சொல்ல வேண்டும். கிழவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவர் தன்பாட்டில், தன் ஊரில், தன் குச்சியை ஆட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். என்னைக் கெடுத்தது என் வாய்தான்.

அப்போது எனக்கு முப்பது கடந்திருந்தது. பாலாவியில் உப்பளங்களை ஒட்டிய வீட்டில் உம்மாவும் நானும் இருந்தோம். வாப்பா மௌத்தாகி, மண்ணுக்குப் போய் நாளாகிவிட்டது. ராத்தா, என் கூடப்பிறந்த அக்கா, கல்யாணம் முடித்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்தார். எனக்கு ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை. (படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. மணி அடித்துப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும் வாய் நிற்காது.)

எல்லாம் ஒரு கதிரையில் தொடங்கியது. கற்பிட்டிக் கடற்கரையில் சின்ன ஹோட்டல் நடத்திய ஜேர்மன்காரர் ஒருவர் நாட்டை விட்டுப் போகிறார், சாமான்களை மலிவாக விற்கிறார் என்று கேள்விப்பட்டு, "நல்ல கதிரை ஒண்டு இரிந்தாப் பாத்து வாங்கிட்டு வா" என்று உம்மா என்னை அனுப்பினார். நான் திரும்பி வந்தபோது ஓட்டோவில் இருந்தது ஒரு ரெக்கோட் பிளேயரும், இரண்டு ஸ்பீக்கர் பெட்டியும், ஒரே ஒரு இசைத்தட்டும்.

உம்மா வாசலில் நின்று ஓட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"கதிரை எங்க?"

"முடிஞ்சி போச்சி உம்மா."

"அப்ப இது என்னா?"

"இது பாட்டுக் கேக்குறது."

"வாற ஆக்கள இதுலயா இரிக்கச் செல்றது?"

பின்னால் அந்தக் கதிரை இல்லாத குறை எங்கே வந்து கடித்தது என்று சொல்கிறேன்.

தட்டில் இருந்தது ஒரு சிம்பொனி. எழுதியவர் பழைய காலத்து ஜேர்மன் இசையமைப்பாளர். பெயரைச் சொல்லமாட்டேன். அந்தப் பெயரை எடுத்தால் நான் நிறுத்தமாட்டேன் என்று வீட்டில் தடை இருக்கிறது. சிம்பொனி என்றால் எழுபது எண்பது பேர் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் மட்டும் எதையும் வாசிக்காமல் முன்னால் நின்று கையை ஆட்டுவார். நடத்துநர். எனக்கும் முதலில் அவர் சும்மா நிற்கிறார் என்றுதான் பட்டது. ஆனால் அந்தக் காலத்து இசையில், எந்த இடத்தில் இழுப்பது, எந்த இடத்தில் ஓடுவது, எங்கே மூச்சு விடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அந்த மனிதர் கையில் இருக்கிறது. அரிசியும் இறைச்சியும் ஒன்றாக இருந்தாலும் கை மாறினால் பிரியாணி மாறுவதில்லையா, அப்படி.

என் தட்டின் நடத்துநர் ஒரு கிழவர். உறையில் கண்ணை மூடிக்கொண்டு, நரைத்த முடி நாலாபக்கமும் எழும்பி நிற்க, தூக்கமா துக்கமா என்று தெரியாத முகம். உம்மா அந்த அறையில்தான் தொழுவார். ஆகவே படத்தைத் திருப்பி வைக்கச் சொன்னார். கிழவர் எங்கள் வீட்டில் இருந்த காலமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தச் சிம்பொனியை வேறு யார் யார் நடத்தியிருக்கிறார்கள் என்று போனில் தேடினேன். அன்று தொடங்கியது பைத்தியம். ஒருவர் சந்தியில் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்போல நடத்தினார். இன்னொருவர் ஒவ்வொரு சுரத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கொடியில் காயப்போட்டார். மற்றொருவர் சத்தம் போடுகிற இடம் வரும்வரைக்கும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது வந்ததும் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தார். நான் பரீட்சைத் தாள் திருத்துவதுபோல எல்லாருக்கும் புள்ளி போட்டேன். உலகத்தின் பெரிய பெரிய நடத்துநர்களை, சாரம் கட்டிக்கொண்டு, பாலாவியில் ஒரு பாயில் இருந்தபடி பெயிலாக்கினேன்.

வகுப்பில் முதலாம் பிள்ளை எப்போதும் என் கிழவர்தான். அவர் எல்லாரையும்விட மெது. எல்லாரையும்விட இருள். சிம்பொனியின் ஆரம்பத்தில் வயலின்கள் பெருமூச்சுப்போல இரண்டிரண்டு சுரமாக வரும். மற்றவர்களிடம் அது பெருமூச்சு மட்டும். கிழவரிடம் அந்தப் பெருமூச்சை விட்டவர் யார், அவருக்கு என்ன நடந்தது என்பதுகூடத் தெரிவதுபோல இருக்கும். உலகமே அவசரப்படுகிறது, இந்த ஒரு மனிதர் மட்டும்தான் பொறுத்திருக்கிறார் என்று எனக்குள் ஒரு பெரிய தத்துவமே வளர்ந்துவிட்டது.

கிழவருடைய அதே தட்டைப் போனில் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் கிணறு இருக்கும்போது யார் பக்கத்து வீட்டில் போய்த் தண்ணீர் கேட்பார்கள்?

இந்தக் கட்டத்தில்தான் சம்பந்தம் வந்தது. ராத்தாவின் பள்ளித் தோழி ஒருவர் எத்தாளையில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருடைய கணவர் இர்ஷாத். இர்ஷாத்தின் தங்கை ரிஸ்னா. கணக்குப் படித்துப் பட்டம் எடுத்துவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். நேரே கதைக்க இரண்டு வீட்டிலும் அனுமதி இல்லை. நான் குரல் செய்தி அனுப்பினால் அது முதலில் ராத்தாவின் போனுக்குப் போகும், அங்கிருந்து தோழியின் போனுக்கு, பிறகுதான் ரிஸ்னாவுக்கு. வழியில் இருக்கிற எல்லாரும் கேட்பார்கள். (என் முதல் செய்தியைக் கேட்டுவிட்டு, "தொண்டையச் செருமிட்டுத் திருப்பிக் கதைடா" என்று ராத்தா அதை எனக்கே திருப்பி அனுப்பினார்.)

மற்ற மாப்பிள்ளைமார் இப்படியான சந்தர்ப்பத்தில் என்ன அனுப்புவார்களோ தெரியாது. நான் சிம்பொனியின் ஆரம்பத் துண்டை இரண்டு விதமாக அனுப்பினேன். ஒன்று போனில் இருந்த ஒரு வேகக்காரருடையது. மற்றது என் கிழவருடையது, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிந்தது. எது பிடித்திருக்கிறது என்று கேட்டேன்.

மறுநாள் பதில் வந்தது. மெல்லிய குரல், ஆனால் தடுமாற்றம் இல்லை.

"ரெண்டாவதுதான் எனக்குப் புடிச்சிரிக்கி. மொதலாவதுல யாரோ எங்கயோ போய்க்கிட்டிரிக்கிறாங்க. ரெண்டாவதுல, போக மனசில்லாம வாசல்லயே நிக்கிறாங்க."

பாடசாலையில் ஆசிரியர் அறையில் இருந்து அதைக் கேட்டேன். கையில் இருந்த பிளேன்டீ ஆறிப்போகும்வரை திரும்பத் திரும்பக் கேட்டேன். இத்தனை நாள் நான் பக்கம் பக்கமாக யோசித்து வைத்திருந்ததை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சாதாரணமாகப் பிடிக்கவில்லை, இந்தப் பெண் இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயம் வருகிற அளவுக்குப் பிடித்துவிட்டது. ராத்தா அந்தச் செய்தியை உம்மாவுக்கும் போட்டுக் காட்டினார். தொண்ணூறில் எங்கள் ஆட்களை மன்னாரை விட்டு விரட்டியபோது வீட்டு வாசலைத் தாண்டி வந்த நாளைப் பற்றி உம்மா எங்களிடம் கதைப்பதே இல்லை. ரிஸ்னாவின் செய்தியை இன்னொருதரம் போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கெட்டிக்காரப் புள்ள" என்று மட்டும் சொன்னார்.

பெண்வீட்டார் என்னைப் பார்க்க வருவதாக நாளும் குறித்தாயிற்று. அதற்கு ஒரு கிழமை இருக்கும்போது ரிஸ்னாவிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது.

"நீங்க செல்ற கிழவர்ட பேரப் போட்டுத் தேடிப் பாத்தேன். அதே படம், அதே தட்டு. ஆனா அதுல அவர் அவ்வளவு மெதுவா இல்லயே. சுரமும் மேல நிக்கிது. ஏன் அப்படி?"

அது ஒரு நேர்மையான கேள்வி. நேர்மையான பதில் "தெரியாதே, நானும் பார்க்கிறேன்" என்பது. நான் அனுப்பியது மூன்று நீண்ட குரல் செய்திகள். அந்தக் கிழவர் ஒரே சிம்பொனியை இரண்டு தடவை பதிந்திருக்க வேண்டும் என்றேன். போனில் கேட்கும் சத்தம் நெருக்கப்பட்ட சத்தம் என்றேன். காது பழகப் பழகத்தான் இந்த வித்தியாசமெல்லாம் விளங்கும், அவசரப்படக் கூடாது என்று ஆறுதலும் சொன்னேன். ரிஸ்னாவிடமிருந்து "சரி" என்று ஒற்றைச் சொல் எழுத்தில் வந்தது. விளங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். கணக்கு ஆசிரியை ஒருவர் "சரி" என்று மட்டும் எழுதினால் அவர் விடைத்தாளை மூடி ஒருபக்கம் வைத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது அது எனக்குத் தெரியாது.

எங்கள் ஆட்களில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். ஆகவே வருகிறவர்கள் மாப்பிள்ளையை மட்டும் பார்ப்பதில்லை. அவரோடு சேர்ந்து என்னென்ன தங்கள் வீட்டு மூலைக்கு வரப்போகிறது என்றும் பார்ப்பார்கள். உம்மா இதை நன்றாக அறிந்தவர். அன்று மதியம் லுஹர் தொழுத கையோடு ரெக்கோட் பிளேயருக்கு மேல் பூப்போட்ட மேசைவிரிப்பைப் போட்டு மூடி, அதற்கு மேல், வருகிறவர்களுக்கென்று அவித்த வட்டிலப்ப இனிப்புச் சட்டியை வைத்தார். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டினார்.

"இண்டைக்கி அது மேச. விளங்கிச்சா?"

"ஓம் உம்மா."

பின்னேரம் வேனில் வந்து இறங்கினார்கள். ரிஸ்னாவின் வாப்பா சஹீது ஹாஜியார், வெங்காயத் தோட்டக்காரர், சிரிக்காமல் பகிடி விடுகிற மனிதர். கூடவே இர்ஷாத்தும், கனத்த உடம்போடு ஒரு மாமாவும். பெண்கள் உள்ளே உம்மாவிடமும் ராத்தாவிடமும் போனார்கள். ரிஸ்னா வரவில்லை, வருவது வழக்கமும் இல்லை. கதிரை ஒன்று குறைந்தது. (சொன்னேனே.) அயல் வீட்டில் இரவல் வாங்கியும் ஒன்று குறைந்தது. வேறு யார், நான்தான் நின்றேன். உம்மா ஒரு விசயத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு வாத்தியாரை ஆட்களுக்கு முன்னால் எழுப்பி நிற்கவைத்தால் அவர் பாடம் நடத்தாமல் விடமாட்டார்.

சுகம் விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கட்லட் ஒரு சுற்றுப் போனது. ஹாஜியார் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"மகன் ஒரே பாட்டை ஆளாளுக்கு எப்படி வாசிக்கிறாங்க எண்டு பாக்குறதாமே. மகள் செல்றா."

அவ்வளவுதான். நான் போய் வட்டிலப்பச் சட்டியைத் தூக்கி நிலத்தில் வைத்தேன். திரைக்குப் பின்னால் உம்மா இருமினார். மேசைவிரிப்பை உருவினேன். இன்னும் பலமாக இருமினார். அது எச்சரிக்கை என்று விளங்காமல், உம்மாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

நடத்துநர்களைப் பற்றி நான் சொன்னதை ஹாஜியார் தலையாட்டிக் கேட்டார்.

"அப்ப நோன்பு மாசத்துல நாங்க பள்ளி பாத்துப் போற மாதிரி. ஓதுறது ஒரே குர்ஆன்தான். ஒரு ஹாபிழ் நிதானமா ஓதுவார், ஒருத்தர் கெதியா முடிப்பார். தோட்டத்துக்குத் தண்ணி மாத்த இரிக்கிற நாளையில நான் கெதிக்காரர்ட பள்ளிக்கித்தான் போறது." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டையும் ஒண்டு எண்டு செல்ல வரல்ல, அல்லாஹ் மன்னிக்கணும். எனக்கு விளங்கிச்சா எண்டு பாக்கத்தான் கேட்டேன்" என்றார்.

இதைவிட நல்ல மாமனார் யாருக்குக் கிடைப்பார்? எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. தட்டைப் போட்டேன். கிழவர் தன் பெருமூச்சைத் தொடங்கினார். மாமா உடனே நித்திரையானார். ஹாஜியார் கண்ணை மூடிக் கேட்டார், அவருக்கும் கிழவருக்கும் முகம்கூட ஒரே மாதிரி இருந்தது. சம்பந்தம் முடிந்த மாதிரித்தான் என்று நினைத்தேன்.

அப்போதுதான் இர்ஷாத் தன் போனை எடுத்தார்.

"தங்கச்சி இதையும் கூடவே போட்டுப் பாக்கச் செல்லி அனுப்பினா. அதே கிழவர்தானாம்."

போனில் அதே உறை. பல காலமாக எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர், இர்ஷாத்தின் உள்ளங்கையில் இருந்து என் பக்கம் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். ஊசியைத் தூக்கித் திரும்ப ஆரம்பத்தில் வைத்தேன். இர்ஷாத்தும் சரியாக அதே நேரத்தில் போனைத் தட்டினார்.

முதல் சுரத்திலேயே இரண்டும் ஒட்டவில்லை. போன் கொஞ்சம் மேலே நின்றது, தட்டு கொஞ்சம் கீழே நின்றது. எல்லாருக்கும் பல் கூசியது. அடுத்தடுத்த பெருமூச்சுகளில் போன் முன்னால் போகத் தொடங்கியது. ஒரே கிழவர், ஒரே தட்டு. ஒருவர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார், மற்றவர் இன்னும் பாலாவிச் சந்தியில் ஆளேற்றிக்கொண்டிருக்கிறார். இரண்டு சத்தமும் மோதிய மோதலில் மாமா திடுக்கிட்டு எழும்பி, "யாரு மௌத்து?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கிவிட்டது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். அந்த நொடியில் எனக்கு நன்றாகவே விளங்கிவிட்டது.

ஹாஜியார் நல்ல மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மெதுவாக, மற்றவர்களுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.

"இங்க வோல்டேஜ் குறைவா இரிக்கும் மகன். எங்கட தோட்டத்துலயும் பின்னேரத்துல மோட்டர் இழுக்காது."

"ஓம் ஹாஜியார், அப்படித்தான் இரிக்கும்" என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லிச் சிரித்துவிட்டு, வட்டிலப்பத்தைத் தூக்கி மேலே வைத்திருந்தால் என் கதை வேறு.

"இல்ல ஹாஜியார், இது வோல்டேஜ் இல்ல. இது கிழவர்ட விளக்கம்" என்றேன்.

பிறகு நான் கதைத்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குரல் செய்தியில் சொன்ன எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். போனில் போடுகிறவர்கள் இடம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள் என்று, அந்த நிமிடத்தில் பிறந்த ஒரு பொய்யையும் சேர்த்தேன். வலது கை தானாகக் காற்றில் ஆடத் தொடங்கியது. கடைசியில், இர்ஷாத்தைப் பார்த்து, அந்த வசனத்தையும் சொன்னேன்: "கணக்குப் படிச்ச ஆக்களுக்கு இது புடிபடுறது கொஞ்சம் கஷ்டந்தான்."

இர்ஷாத் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு தொடங்கியது. இர்ஷாத் உடனே போனை நிறுத்தினார். நான் ஊசியைத் தூக்கப் போனவன், கிழவர் வழக்கமாகக் கூடுதலாக இழுக்கிற அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்து, "இந்தா, இந்த இடம் மட்டும்" என்று விரலை உயர்த்தினேன். ஷைத்தான் வேறு எங்கும் இல்லை, அந்த விரலில்தான் இருந்தான். உள்ளே உம்மா மெயின் சுவிட்ச்சை இறக்கிவிட்டார்.

விசிறி நின்றது. முன்னறை லைட் அணைந்தது. தட்டு மட்டும் உடனே நிற்காமல் சுற்றிச் சுற்றித் தளர்ந்தது. ஸ்பீக்கரில் மிச்சமிருந்த உயிரில் வயலின்கள் மாடாகி, மாடு யானையாகி, யானை மெல்லப் படுத்தது. அதற்குப் பிறகு பாங்குச் சத்தம் மட்டும். எல்லாரும் தலையைக் குனிந்து கேட்டோம். நான் மற்றவர்களைவிட நன்றாகவே குனிந்திருந்தேன்.

பாங்கு முடிந்ததும் ஹாஜியார் எழும்பி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என் தோளில் கையை வைத்தார்.

"இதுவும் கிழவர்ட விளக்கமா, மகன்?"

தொழுதுவிட்டு வந்து வட்டிலப்பம் சாப்பிட்டார்கள். உம்மாவின் கையைப் புகழ்ந்தார்கள். வேனில் ஏறிப் போனார்கள். சில நாள் கழித்து, "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்று செய்தி வந்தது. அந்த "பாப்பம்" எப்படிப்பட்டது என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இசை கேட்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்று நினைத்துவிட்டார்கள், பட்டிக்காட்டு ஆட்கள், கிழவரைப் புரிந்துகொள்ள இவர்களால் முடியுமா என்றெல்லாம் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். ராத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், தேங்காய் துருவிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"மெஷின் மெதுவா ஓடினது ரிஸ்னாவுக்கு ஒரு விசயமே இல்லயாம்டா. 'ஒண்டும் செல்லாம ரெண்டையும் போட்டு மட்டும் காட்டுங்க, அவர் என்ன செய்றார் எண்டு பாத்துட்டு வாங்க' எண்டுதான் இர்ஷாத்த அனுப்பினாவாம். அவட வாப்பா வோல்டேஜ் எண்டு உனக்கு ஒரு கதவத் தொறந்து குடுத்தாராம். நீ அதையும் சாத்திப்போட்டியாம். நாளைக்கி வீட்டுல ஒரு பிழை வந்தா இந்த மனிசன் எந்தக் கதவால வெளிய வருவார் எண்டு கேட்டாவாம்."

ராத்தா சிரட்டையை எறிந்துவிட்டு அடுத்த பாதியை எடுத்தார். எனக்கு இருக்கவும் முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை.

அன்றுதான் பிளேயரைத் திறந்தேன். உள்ளே தட்டைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் பழைய உள்ளாடை இலாஸ்டிக்போல இளகிக் கிடந்தது. மோட்டர் அச்சில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துத் துருவேறியிருந்தது. உப்பளத்துக் காற்று எங்கள் ஊரில் எதைத்தான் விட்டது? ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு, எல்லாவற்றையும் தின்கிற காற்று கிழவரை மட்டும் விடுமா? கொழும்பில் ஒரு கடையில் புது பெல்ட் வாங்கிப் போட்டு, அச்சைச் சுரண்டித் துடைத்து, தட்டை வைத்தேன். கிழவர் மற்ற எல்லாரையும்போல நடந்தார். கெட்டிக்காரர்தான், நல்ல நடத்துநர்தான். ஆனால் வாசலில் நிற்கவில்லை. அவரும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்.

நான் அத்தனை காலமும் தலையில் வைத்து ஆடிய அந்த மெதுவை உலகத்தில் எந்த நடத்துநரும் நடத்தவில்லை. உப்புக்காற்று நடத்தியது. இந்தப் பூமியில் அதை ரசித்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தனக்குப் பிடித்தது பிழையென்று தெரிந்ததும், ஏன் என்று கேட்டார். மற்றவர் விரலை உயர்த்தினார். கவலையாகத்தான் இருந்தது, நீண்ட நாள் இருந்தது. பழைய பெல்ட்டைத் திரும்பப் போட்டாவது அந்தச் சத்தத்தைக் கேட்போம் என்று ஒருநாள் பார்த்தேன். அது கையிலேயே அறுந்தது.

பிறகு புத்தளத்தில் ஃபஸ்மிலாவைக் கல்யாணம் முடித்தேன். (பிளேயரும் என்னோடு பெண் வீட்டுக்கு வந்தது. கதிரைகள் அங்கே ஏற்கனவே நிறைய இருந்தன.) கல்யாணம் முடிந்த கிழமையே ராத்தா வந்து, ஒன்றையும் விடாமல், யானை படுத்ததுவரை நடித்தே காட்டினார். ஃபஸ்மிலா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். அன்றிலிருந்து ஹாஜியாரின் வசனம் எங்கள் வீட்டு வசனம். வண்ணாத்திவில்லுக்குக் குறுக்குப் பாதை தெரியும் என்று கூட்டிப்போய் ஒரு மாட்டுப் பட்டிக்குள் வாகனத்தை நிறுத்தியபோதும், பாதையில்தான் பிழை என்று நான் விளக்கத் தொடங்கியபோதும், ஃபஸ்மிலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார்: "வோல்டேஜ் குறைவா இரிக்கும்." பின் இருக்கையில் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போதெல்லாம் அந்தக் கதவு திறந்தால் நான் உடனே வெளியே வந்துவிடுகிறேன். பழகிவிட்டது.

போன தவணை மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். கணக்கு ஆசிரியை புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள், பெயரைச் சொல்லவில்லை. நானும் ஃபஸ்மிலாவும் போய் முன்னால் இருந்த பிறகுதான் பார்த்தேன். ரிஸ்னா. நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. என் பெயரைப் பார்த்ததும் அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காட்டிக்கொள்ளவில்லை.

"மகள் நல்லாச் செய்றா. பிழை எண்டு காட்டினா உடனே ஒத்துக்கொள்றா. நல்ல பழக்கம்" என்றார்.

"அது அவட உம்மாட பழக்கம் டீச்சர்" என்றேன். ஃபஸ்மிலா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

ரிஸ்னா புள்ளி அறிக்கையை மடித்து நீட்டினார். நான் கையை நீட்டிய பிறகும் அதை விடாமல் கேட்டார்.

"அந்த மெது ரெக்கோட் இன்னும் இரிக்கா?"

"இல்ல. பெல்ட்ட மாத்திட்டேன்."

"அநியாயம்" என்றார். பிறகு அடுத்த பெற்றோரைக் கூப்பிட்டார்.

மோட்டார் சைக்கிளில் திரும்பி வரும்போது பாலாவிப் பக்கமாக நான் வழமையைவிட மிக மெதுவாக ஓட்டிக்கொண்டிருந்தேன் போலும். லொறிகள் ஹோன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. உப்பளக் காற்று முகத்தில் அடித்தது. ஃபஸ்மிலா பின்னால் இருந்து என் தோளில் கையை வைத்தார்.

"வோல்டேஜ் குறைவா இரிக்கி போல."

"ஓம்" என்றேன்.